பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு தகரக் கூரை

மின்சாரத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று பேசக் கோலாலம்பூருக்குப் போன எனக்கு முதல் நாளே சளி பிடித்துக்கொண்டது. கருத்தரங்கு நடந்த ஓட்டல் அறையில் ஏ.சி. அப்படி! அங்கே அதற்கு ஏர்கோன் என்று பெயர். மேடையில் ஒருவர் பூமி சூடாகிக்கொண்டிருப்பதைப் படம் போட்டு விளக்க, கீழே நாங்கள் சால்வையையும் துப்பட்டாவையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன் என்று கேட்டதற்கு, அது மொத்த ஓட்டலுக்கும் ஒரே கட்டுப்பாடு, குறைக்க முடியாது என்றார்கள். நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் வரிசையில் தும்மிக்கொண்டிருந்த இன்னொருத்திதான் புஷ்பா. நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன நுகர்வோர் குழுவில் இருக்கிறேன். மின்சாரம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூரையில் சூரியத் தகடு போட வழிவிடுங்கள், வீணாவதைக் குறையுங்கள் என்று கத்துவது என் வேலை. பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புவேன். புஷ்பாவுக்கும் ஏறக்குறைய அதே வேலை, ஆனால் ஒரே ஒரு மண்டபத்துக்காக.

"அக்கா, ஞாயித்துக்கெழம எங்க மண்டபத்துல கூட்டம். மாவட்ட மன்றத்துலேர்ந்து ஆபீசர் வர்றாரு. நீங்களும் வாங்க லா. இந்தியாவுலேர்ந்தே ஆள் வந்திருக்குன்னா எங்க ஆளுங்க கொஞ்சம் காது குடுத்துக் கேப்பாங்க" என்றாள்.

இரட்டைக் கோபுரத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வதா, புஷ்பாவோடு போவதா? கருத்தரங்கு முடிந்த மறுநாள் காலை அவள் கணவர் சேகரின் காரில் பின்சீட்டில் இருந்தேன்.

சாலையின் இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனை. ஒரு எஸ்டேட் முடிந்தது என்று நினைக்கும்போதே அடுத்தது ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் தென்னந்தோப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு, யாராவது நடுவில் ஒரு வாழை மரமாவது வைத்திருக்கக்கூடாதா என்று தோன்றிவிட்டது. ஊர் வந்தபோது பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தது. அங்கே இருந்தவரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

புஷ்பாவின் வீடு, எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒரு தாமானில் இருக்கிறது. தாமான் என்றால் குடியிருப்பு. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டை இவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். என்ன அழகான கேள்வி! எங்கள் ஊரில் 'டிபன் ஆச்சா' என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லையே தொலைத்துவிட்டோம். பசியாறியாகிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் நெத்திலி சம்பாலும் வந்தன. அந்த சம்பாலை விரலால் வழித்துச் சாப்பிட்டேன், வெட்கமே படவில்லை.

சும்மா எரியும் சுவிட்சைப் பார்த்தால் தட்டி அணைத்துவிடுவது எனக்குக் கைவியாதி. குளித்துவிட்டு வந்தவள், கூடத்தில் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த ஒரு சிவப்பு விளக்கை அணைத்தேன். சமையலறையிலிருந்து புஷ்பா ஓடி வந்தாள்.

"அலமாக்! அக்கா, அது சாமி மேடை வெளக்கு!"

நிமிர்ந்து பார்த்தால் முருகன் இருட்டில் நிற்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி போட்டேன். சேகர் மட்டும், "முருகனுக்கே சிக்கனமா அக்கா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் அதை விடவே இல்லை, வந்து போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

மத்தியானம் மண்டபத்துக்குப் போனோம். நான்கு சுவர், ஒரு சின்ன மேடை, மேலே தகரம். தகரத்துக்குக் கீழே இருந்த தட்டி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. உள்ளே காலை வைத்ததும் உச்சந்தலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தது போல இருந்தது. அந்தச் சூட்டில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் ரவாங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாடம் எழுத வைத்து, சண்டையை விலக்கி வைத்திருப்பவள் புஷ்பா. அதற்காகவே அவளும் தொழிற்சாலை வேலையை விட்டிருக்கிறாள்.

"முந்தி இங்க ஏர்கோன் இருந்துச்சு அக்கா" என்றாள். "தகரத்துக்குக் கீழ ஏர்கோன் ஓடுனா என்னாவும்? ஓடிக்கிட்டே இருக்கும், குளுராது. பில்லு மட்டும் ஏறும். தாமான் சங்கத்தால கட்ட முடியல. கரண்ட்ட வெட்டிட்டாங்க, மண்டபத்தப் பூட்டிட்டாங்க. பிள்ளைங்கள்லாம் வீட்டுல தனியா கெடந்துச்சுங்க. ஒரு பாப்பா பசிக்குதுன்னு தானே மீ நூடுல்ஸ் அவிக்கப் போயி, கொதிக்கிற தண்ணிய மேல ஊத்திக்கிச்சு. அப்புறந்தான் ஏர்கோன வித்து, பாக்கியக் கட்டித் தெறந்தோம்."

ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கியிருந்தது. 

இந்த வருடம் மன்றம் மண்டபத்தைச் சரிசெய்து தர முன்வந்திருக்கிறது. ஒன்று ஏர்கோன் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளித்தாளும் கூரைக்கு மேலே சூரியத் தகடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எது வேண்டும் என்று குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கைதூக்கிச் சொல்ல வேண்டும். புஷ்பா அதோடு நிற்கவில்லை. மன்றத்தின் எந்த மண்டபமானாலும் முதலில் கூரையை வெள்ளித்தாளால் மூடு, அப்புறம் ஏர்கோனைப் பற்றிப் பேசு என்று விதியே கொண்டுவரச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறாள். உங்கள் ஆட்களே ஒத்துக்கொள்ளாததை நான் எப்படி மேலே கொண்டுபோவது என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

மறுநாள் தலைவரைப் பார்க்கப் போனோம். சங்கத்தின் தலைவர் மாரிமுத்து, ஒரு காலத்தில் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். ஏர்கோன் கட்சியே அவர்தான். வாங்க வாங்க என்று உட்கார வைத்து, "தண்ணி கலக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார். வந்தது கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். இந்த ஊரில் எல்லாமே தண்ணிதான்.

"மேடம், உங்க ஊர்ல கலியாண மண்டபத்துல ஏர்கோன் இருக்கா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் கிப்பாஸ் போதும்னு சொல்றீங்க?" கிப்பாஸ் என்றால் மின்விசிறி. "எங்கப்பா ரப்பர் காட்டுல வேர்த்தாரு. நான் லோரியில வேர்த்தேன். எம் மவ கலியாணத்துலயும் நாங்க வேர்க்கணுமா? புக்கிட் பெலிம்பிங் மண்டபத்துல போயிப் பாருங்க, ஜில்லுனு வச்சிருக்கான். நாங்க என்ன கொறச்சல்?"

மகள் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான். பத்திரிகைகூட அடித்துவிட்டார். நான் தேநீரைக் குடித்தேன். சிக்கனம், சிக்கனம் என்று எத்தனை மேடையில் முழங்கியிருப்பேன்! ஆயுசு முழுக்க வேர்த்தவரிடம் போய் அதைச் சொன்னால் 'உனக்கு இது போதும்' என்றுதான் காதில் விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

புஷ்பா விடவில்லை. "அண்ணே, நான் ஏர்கோன் வேணாங்கல. கூரைய மூடாமப் போட்டா மறுபடியும் பூட்டுதான் விழும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் லா" என்று எழுந்தவர், வாசல் வரை வந்து என்னிடம், "ஞாயித்துக்கெழம அவசியம் வாங்க மேடம், சாப்பாடு போடுறோம்" என்றார். கோபப்படவும் முடியாத மனிதர்.

புஷ்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. பேசினால் கேட்கமாட்டார்கள், உட்கார வைத்துக் காட்டவேண்டும் என்பது அவள் கட்சி. சேகர் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் கூரை மாற்றியபோது மிஞ்சிய வெள்ளித்தாள் சுருள்களை முதலாளி சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அளந்து பார்த்தால் மண்டபம் முழுக்கச் சரியாக வரும். கூட்டத்துக்கு முன்பே அடித்துவிட்டால் தீர்ந்தது.

இரவல் லோரியில் ரவாங் போனோம். சுருள்கள் ஆளுயரத்துக்கு இருந்தாலும் கனமே இல்லை. சேகர் கயிற்றைப் போட்டு இறுக்கிக்கொண்டே, "நம்ம முடிச்சு அவுறாது அக்கா, இது எஸ்டேட் முடிச்சு" என்றார். நான் முன்சீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்தேன்.

எஸ்டேட்டுக்குள் குறுக்குப் பாதையில் திரும்பினோம். செம்மண், குழி, மறுபடி குழி. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய பெரிய லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி தாண்டியது. பின்னால் படபடவென்று ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம். இறங்கிப் பார்த்தால் சுருள்கள் பிரிந்து, பாதை நெடுக வெள்ளியாக மின்னுகிறது! பாதிக்குமேல் ஓரத்துக் கால்வாயில் விழுந்து சேற்றுத் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. கரையில் வெயில் காய்ந்த ஒரு உடும்பு திடுக்கிட்டு எழுந்து ஓடியது.

எங்களைத் தாண்டிய லோரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, மலாயில் ஏதோ கேட்டார். என்ன சொல்கிறார் என்று புஷ்பாவைக் கேட்டேன். "யார் வீட்டுக் கல்யாணம்னு கேக்குறாரு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முடிச்சு அவுறாதுன்னீங்களே?" என்று புருஷனிடம் திரும்பினாள்.

சேகர் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "முடிச்சு அப்படியேதான இருக்கு, பாரு. கயிறுதான் அந்துபோச்சு."

அவர் சொன்னது உண்மைதான், முடிச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புஷ்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் சேற்றில் இறங்கி இழுத்துப் போட்டவை கிழிந்தும் நனைந்தும் உதவாமல் போயின. மிஞ்சியது பாதி மண்டபத்துக்குத்தான் வரும்.

"பாதி வேலையப் பாத்தா சிரிப்பாங்க அக்கா. ஒரு கூரைய மூடத் தெரியல, இவ விதி போட வந்துட்டான்னு சொல்லுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. ஆபீசர் அடுத்த வாரமே மன்றத்துக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை சேகரும் அவருடைய நண்பர்கள் இருவரும் ஏணி போட்டு, இருந்ததை அடித்தார்கள். மண்டபத்தின் இடது பக்கச் சமையல்கட்டு ஓரம் ஏணி வைக்க வசதியாக இருந்ததால் அங்கிருந்து தொடங்கினார்கள். மேடைக்கு எதிரே நடுவழி வரை வந்ததும் தாள் தீர்ந்தது. இடது பாதி பளபள, வலது பாதி பழைய தகரம். எப்படிப் பார்த்தாலும் கேவலமாகத்தான் இருந்தது.

புஷ்பா சோறுகூடச் சாப்பிடவில்லை. சேகர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை புரோங் பக்கம் போனார். செம்பனை சட்டென்று முடிந்து வயல் ஆரம்பித்தது. கண்ணுக்கெட்டிய வரை பச்சை நெல்! எங்கள் பவானி வாய்க்கால் பாசனத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது, ஆனால் வயல் நடுவே கொக்கைத் தவிர ஒரு ஆள் இல்லை. சாலையோரக் கடையில் மீன் தலைக் கறி சாப்பிட்டோம். புளியும் காரமும் ஏறி, கருத்தரங்கில் பிடித்த சளி அங்கேதான் என்னை விட்டது. புஷ்பா இரண்டாவது தட்டுச் சோறு கேட்டபோது சேகர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அன்றைக்கு என்று ஒரு துளி மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. சனங்கள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். "என்ன புஷ்பா, டுயிட் பத்தலையா?" என்று ஒருவர் கேட்டார். டுயிட் என்றால் பணம். பிறகு பழக்கப்படி உட்கார்ந்தார்கள். எஸ்டேட் காலத்திலிருந்தே கோயிலானாலும் கூட்டமானாலும் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். நடுவில் வழி. புருஷன் பெண்டாட்டி ஒரே காரில் வந்தாலும் வாசலில் பிரிந்துவிடுவார்கள். யாரும் சொல்லவேண்டியதில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளித்தாள் முழுக்கப் பெண்கள் தலைக்கு மேலே!

ஆபீசர் ரோஸ்லி மேடையேறி மலாயில் பேச ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்றுகொண்டு புஷ்பா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்று ஏர்கோன், இல்லையென்றால் கூரை, முடிவு உங்கள் கையில். பெண்கள் பக்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் முன்னால் ஒரு குழந்தை அம்மா மடியில் தூங்கிப்போனது. வலது பக்கமோ கைக்குட்டையும் துண்டும் காகிதமுமாக விசிறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்விசிறிதான் ஓடியது.

முதலில் ஒருவர் மனைவியிடம் கார்ச் சாவியைக் கொடுக்க வந்தார். கொடுத்த பிறகும் போகவில்லை, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அடுத்து ஒருவர் மகனைத் தூக்க வந்தார். பின்னாலேயே இன்னொருவர், தூங்கும் பிள்ளையைத் தூக்க. தகப்பன்மாருக்கு அப்படி ஒரு பிள்ளைப்பாசம் பொங்கி நான் பார்த்ததே இல்லை! சற்று நேரத்தில் சாக்கெல்லாம் தீர்ந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வர ஆரம்பித்தார்கள். மேடையில் ரோஸ்லியும் பேசிக்கொண்டே மைக்கை இழுத்து இழுத்து இடது ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

வலது பக்கம் கடைசியில் தலைவர் மட்டும் இருந்தார். முன்வரிசையில், நிமிர்ந்து, பாத்தேக் பூச்சட்டை முதுகோடு ஒட்டிப்போய்.

"ஏங்க, இங்க வந்து ஒக்காருங்க. பிரஷர் ஏறப்போவுது" என்று அவர் மனைவி இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"கூட்டம் நடக்குதுல்ல?"

"இங்கயும் அதே கூட்டந்தான் நடக்குது!"

மண்டபமே சிரித்தது. ரோஸ்லி பேச்சை நிறுத்திவிட்டார். தலைவர் மெதுவாக எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவழியைத் தாண்டினார். தாண்டியதும் சட்டென்று நின்று, வந்த வழியே இரண்டு எட்டு திரும்பிப் போனார். மறுபடி வந்தார். தலைக்கு மேலே ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் ஏர்கோன் எதுவும் ஓடலதானே?" என்று புஷ்பாவைக் கேட்டார்.

"இல்லண்ணே. வெறும் தாளுதான்."

கொஞ்ச நேரம் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எம் மவ கலியாணத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்தையும் முடிச்சுருவாங்களா, கேளு."

புஷ்பா மலாயில் கேட்டாள். முடியும் என்றார் ரோஸ்லி. "அப்ப கூரையே போடுங்க லா" என்று கையைத் தூக்கியவர், உடனே விரலை நீட்டி, "பின்னால என்னைக்காச்சும் ஏர்கோன் வரும். அத நான் விடமாட்டேன்" என்றார். "கூரைய மூடிட்டு வாங்குங்கண்ணே, நானே வந்து மனு எழுதித் தரேன்" என்றாள் புஷ்பா. கைகள் உயர்ந்தன. ரோஸ்லி எண்ணவே இல்லை. மற்ற மண்டபங்களுக்கும் இதே விதி வேண்டும் என்ற மனுவை, நடந்ததைச் சேர்த்து எழுதித் தானே மன்றத்தில் வைப்பதாகச் சொன்னார்.

ஒரே ஆரவாரம். யாரோ கறிபாப் பலகாரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரே ஒரு பக்கத்தில் முண்டியடித்துக்கொண்டு நின்றது. காலையிலிருந்து உட்காராமல் நின்றிருந்த புஷ்பா ஒரு நாற்காலி தேடினாள். இடது பக்கம் ஒன்றுகூட இல்லை, நிற்கவும் இடமில்லை. வழியைத் தாண்டிப் போய், கொதிக்கிற தகரத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பப்பா, அந்தச் சூடு!

"இங்க ஏன்டி வந்து உட்கார்ந்தே? எழுந்து வா, உனக்கு இடம் விடச் சொல்றேன்" என்றேன்.

அவள் எழவில்லை. எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கையில் தழும்புள்ள அந்தப் பெண் ஒரு கறிபாப்பை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். புஷ்பாவுக்கு முகமெல்லாம் வேர்வை, அதோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. துடைக்கவே இல்லை.

"இனிமே பூட்ட மாட்டாங்கல்ல அக்கா?" என்று கேட்டாள்.